விசா கேன்சல் அடிக்கும் முன்: வளைகுடாவிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு

ஊத்தங்கரைத் தம்பி ஒருவன் ஷார்ஜாவில் என் அறையில் ஆறு வருடம் இருந்தான். ஊருக்குப் போன மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அண்ணா, அக்கவுண்ட்ல ஏழாயிரம் திர்ஹாம் நிக்குது. ஆப்பைத் திறந்தா அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகுது. சிம்மை ஏர்போர்ட்லயே உடைச்சுப் போட்டுட்டேன்." அந்தப் பணத்தை எடுக்க அவனுக்கு எட்டு மாதம் ஆனது. விசிட் விசா எடுத்து, போக வர டிக்கெட் போட்டு, நேரில் போய்க் கையெழுத்து வைத்துத்தான் வாங்கினான். கிளம்புகிற நேரத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் அவன் செய்துதான் இருந்தான். வரிசைதான் தப்பிப் போனது.

அங்கே நம் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு, வாடகை, கரண்ட், ஃபோன், வண்டி எல்லாமே விசா என்ற ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணியைப் பிடுங்கும் முன் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அரூர்ப் பக்கம். 2011 முதல் 2023 வரை ஷார்ஜாவில் ஏசி பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அதனால் எமிரேட்ஸ் விவரமே அதிகம் இருக்கும். சௌதி, குவைத் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

ஆறு மாதம் முன்பு: தேதி

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் அங்கே இந்தியப் பள்ளியில் படித்தால் மார்ச்சில் வகுப்பு முடியும். நம் வருமான வரிக் கணக்கும் மார்ச் 31-இல்தான் முடிகிறது. அதனால் மார்ச் கடைசி வாரம் மிகத் தோதானது. அந்த நிதியாண்டில் லீவில் வந்த நாட்களையும் சேர்த்துக் கொஞ்ச நாள்தான் இந்தியாவில் இருந்திருப்பீர்கள். அந்த வருடம் முழுக்க என்ஆர்ஐ ஆகவே கணக்கு முடியும். மாறாக ஜூனில் வந்தால், மீதி மாதங்களிலேயே 182 நாள் தாண்டிவிடும். அந்த வருடமே வரிக் கணக்கில் நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர்.

ஜூனில் வந்தாலும் பயம் வேண்டாம். பல வருடம் வெளியில் இருந்து திரும்புகிறவருக்கு ஆர்என்ஓஆர் என்றொரு இடைநிலை உண்டு. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் என்ஆர்ஐ ஆக இருந்திருந்தால் போதும். அல்லது முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்குள் இருந்தாலும் போதும். வருடம் 45 நாள் லீவில் வந்தவருக்கு 7 வருடத்துக்கு 315 நாள்தான் ஆகிறது. அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் இந்த நிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்ற பணத்துக்கு இங்கே வரி இல்லை. "வெளிநாட்டிலேயே பெற்ற" என்பதுதான் முக்கியம். வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டியை நேராக ஊர்க் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அங்குள்ள உங்கள் கணக்குக்கு முதலில் வரட்டும். பிறகு நீங்கள் அனுப்புங்கள்.

தேதி முடிவானதும் பாஸ்போர்ட்டின் கடைசி முத்திரைப் பக்கங்களைப் படமெடுத்து, எந்தெந்த வருடம் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டரிடம் போனால் அவர் கேட்கும் முதல் விஷயம் அதுதான்.

லீவில் வருவது போல வந்து அப்படியே நின்றுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். எமிரேட்ஸில் 180 நாள் வெளியில் இருந்தால் விசா தானாகவே செத்துப்போகும். நீங்கள் ஓடிப்போனதாகக் கம்பெனி புகார் கொடுத்துவிட்டால் கிராஜுவிட்டிக்கு அங்கே போய்ப் பேசவும் வழியில்லாமல் போகும்.

கிராஜுவிட்டியை நீங்களே கணக்குப் போடுங்கள்

எமிரேட்ஸில் 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் சட்டப்படி, முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நீங்களாக ராஜினாமா செய்தாலும் இதில் குறைக்க முடியாது. ஒரு வருடம் முடித்திருந்தால் போதும். கவனியுங்கள், கையில் வாங்கும் மொத்தச் சம்பளத்தை வைத்து இந்தக் கணக்கு வராது. ஒப்பந்தத்தில் பேசிக் என்று எழுதியிருக்கும் தொகைதான்.

என் கணக்கையே சொல்கிறேன். கையில் 2,400 திர்ஹாம் வாங்கினேன், பேசிக் 1,500. நாளுக்கு 50 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த ஏழு வருடத்துக்கு 210 நாள். 315 நாளை 50-ஆல் பெருக்கினால் 15,750 திர்ஹாம். கம்பெனி கொடுத்த சீட்டில் ஏறக்குறைய இதில் பாதிதான் இருந்தது. நடுவில் ஒப்பந்தம் மாற்றி எழுதியபோது, அந்தத் தேதியையே நான் சேர்ந்த தேதியாகக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். 2011-இல் கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தத்தின் நகல் என்னிடம் இருந்தது. நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, செல்லோடேப் மஞ்சளாகிப் போன ஒரு தாள். அதை மேசையில் விரித்து வைத்தேன். கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மறுநாள் புதுச் சீட்டு வந்தது. அந்த நகல் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதல் ஒப்பந்தத்தை இப்போதே தேடி எடுங்கள்.

கிராஜுவிட்டியோடு எடுக்காத லீவுக்கான பணம், நின்றுபோன ஓவர்டைம், ஊர் டிக்கெட் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் 30 முதல் 90 நாள் வரை இருக்கும்; எழுத்தில் கொடுங்கள், தேதியோடு. வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பணமும் தரப்பட வேண்டும் என்பது சட்டம்.

சௌதியில் இருப்பவர்கள் தேதி விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே முதல் 5 வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதச் சம்பளம். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால், 2 வருடத்துக்குள் ஒன்றும் கிடையாது. 2 முதல் 5 வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 10 வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 வருடம் முடிந்தால்தான் முழுத் தொகை. குவைத்திலும் ராஜினாமாவுக்கு முழுப் பணம் பத்து வருடம் கடந்த பிறகுதான். ஒன்பது வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தால் இன்னும் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். ஊர் எங்கேயும் போய்விடாது.

பணம் தர மறுத்தால் சண்டை போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள், விசா உயிரோடு இருக்கும்போதே. இந்தியத் துணைத் தூதரகத்திலும் பதிவு செய்யுங்கள். கையில் காசில்லாமல் சிக்கியவர்களுக்கு உதவத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

கடனும் கார்டும்

வங்கிக் கடனை விட்டுவிட்டு விமானம் ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று அறையில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, எமிரேட்ஸ் சிவில் நீதிமன்றத் தீர்ப்பை நம் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். பாலக்கோட்டில் இருக்கும் வீட்டுக்கே நோட்டீஸ் வரும். அங்கே வழக்குப் பதிவாகியிருந்தால் பின்னாளில் வேறு வேலைக்கு அந்த வழியாகப் போகும்போது ஏர்போர்ட்டில் நிறுத்துவார்கள்.

கடைசி செட்டில்மென்ட் பணம் வந்ததும், கடனோ கார்டோ பாக்கி இருந்தால் வங்கி கணக்கையே பூட்டிவிடும். அதனால் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மூடுவதற்கே ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார்கள். கார்டில் ஓடும் மாதச் சந்தாக்களை முதலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் மூடிய கார்டில் இருபது திர்ஹாம் பாக்கி ஏறி, அது வட்டியோடு வளரும். கடைசியில் "பாக்கி இல்லை" என்ற கடிதம் வாங்குங்கள். அந்த ஒரு தாள்தான் சாட்சி.

வங்கிக்கு வெளியிலும் கணக்கு இருக்கிறது. பக்காலா மளிகைக் கடையில் நோட்டுக் கடன், மெஸ் கணக்கு, அறைச் சீட்டு, நகைக்கடைச் சேமிப்பு. சீட்டில் இன்னும் எடுக்காமல் இருந்தால், நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு மீதித் தவணை கட்ட வேண்டியிருந்தால் முழுவதும் கட்டிவிட்டு வாருங்கள். நம்மோடு ஒரே அறையில் படுத்தவர்களின் காசு அது.

காகிதங்கள்

அனுபவச் சான்று, சம்பளச் சான்று, பிள்ளைகளின் மாற்றுச் சான்று, அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவற்றை அங்கேயே அட்டெஸ்ட் செய்யுங்கள். எமிரேட்ஸ் வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியத் துணைத் தூதரகம் என்ற வரிசையில் போகும். ஊருக்கு வந்த பிறகு இதைச் செய்வதானால் ஏஜென்ட், கூரியர், காத்திருப்பு. அங்கே குழந்தை பிறந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தாலும் தூதரகப் பிறப்புப் பதிவுத் தாள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னாளில் வேறு நாட்டுக்குப் போக எண்ணம் இருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் நற்சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். எமிரேட்ஸ் ஐடி இருக்கும்போது ஃபோனிலேயே முடிகிற வேலை அது.

கம்பெனி மருத்துவக் காப்பீடு கேன்சலோடு போய்விடும். பல், கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் ஒரு முறை பார்த்து, ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை இருக்கலாம். நாள் எண்ண ஆரம்பிப்பது பாலிசி எடுத்த தேதியிலிருந்துதான். ஆகவே திரும்புவதற்கு முன்பே குடும்பத்துக்கு எடுத்துவிடுவது நல்லது.

சாமான், தங்கம், ரொக்கம்

இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு, வீட்டுச் சாமானுக்குச் சுங்கச் சலுகை தனியாக உண்டு. கடைசி இரண்டு வருடத்தில் லீவில் வந்த நாட்கள் ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ரூபாய் வரம்புகள் அவ்வப்போது மாறும்; டிக்கெட் போட்ட வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கார்கோவில் போடும் பெட்டிகளுக்குச் சாமான் பட்டியலை நீங்களே எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி உங்களுக்கு முன்போ, நீங்கள் வந்த ஒரு மாதத்துக்குள்ளோ வந்து சேரும்படி அனுப்புங்கள்.

என் அனுபவத்தில், பழைய டிவியும் வாஷிங் மெஷினும் அனுப்புவது வீண். கார்கோ காசும் சுங்கமும் சேர்த்தால் கிருஷ்ணகிரியில் புதிதாகவே வாங்கிவிடலாம். அங்கே விற்றுவிடுங்கள். ஆனால் கருவிகளை விற்காதீர்கள். ஏசி மெக்கானிக், எலெக்ட்ரீசியன், வெல்டர் என்றால் உங்கள் கைக்குப் பழகிய நல்ல கருவிப்பெட்டி ஊரில் தொழில் தொடங்கும் நாளில் பெரிய சொத்து.

நகைக்கு வரம்பு எடையில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியில் இருந்த ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை வரியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். பில் கையில் இருக்கட்டும். வழியில் தெரிந்தவர் கொடுக்கும் பொட்டலத்தை, எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

ரொக்கமாக 60,000 திர்ஹாமுக்கு மேல் கொண்டுபோனால் எமிரேட்ஸில் கிளம்பும்போதே சொல்ல வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது நோட்டாக 5,000 டாலருக்கு மேலோ, காசோலை எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். ரொக்கமாகக் கொண்டுவர அவசியமே இல்லை. எக்ஸ்சேஞ்ச் வழியாக, வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்குக்கு அனுப்பி, ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள். வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் கைமாற்றும் உண்டியலில் போட்டால் நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம். ஆனால் மூன்று வருடம் கழித்து அரூரில் வீடு கட்டும்போது இருபது லட்சம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரித்துறை கேட்டால் காட்ட ஒரு துண்டுத் தாளும் இருக்காது.

நிலம்: லீவிலேயே பேச வேண்டியது

நம் இரண்டு மாவட்டத்திலும் வெளிநாட்டுப் பணம் பெரும்பாலும் நிலத்தில்தான் போய் நிற்கிறது. இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: என்ஆர்ஐ ஆக இருக்கும்போது விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணி விதி அனுமதிப்பதில்லை, தானமாகப் பெறவும் அனுமதி இல்லை. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். நிரந்தரமாகத் திரும்பிய பிறகு இந்தத் தடை இல்லை. ஆகவே தோட்டம் வாங்குகிற, மாற்றுகிற வேலையை லீவில் அவசரமாக முடிக்காமல், திரும்பி வந்த பிறகு செய்யுங்கள்.

நான் அனுப்பிய பணத்தில் அப்பா ஒன்றே முக்கால் ஏக்கர் வாங்கியிருந்தார், அவர் பெயரில். அதை என் நிலம் என்றே பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி அனுப்பியது அப்பாவுக்குக் கொடுத்த பணம், நிலம் அப்பாவுடையது. உயில் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆனால் அம்மா, நான், அக்கா, தங்கை எல்லோருக்கும் சம பங்கு. அதில் தவறும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். திரும்புவதற்கு முந்தைய லீவில் அக்காவையும் தங்கையையும் வரவழைத்து, மச்சான்கள் இல்லாமல், அப்பா முன்னிலையில் உட்கார்ந்து பேசினோம். அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிப்பையில் சுற்றிய பத்திரங்களை எடுத்துக் கொடுத்தார். அக்காதான் மூலப்பத்திரத்தைச் சத்தமாகப் படித்தாள். தங்கைக்கு மனை, எனக்குத் தோட்டம், அக்காவுக்குப் பணம் என்று முடிவானது. நான் நிரந்தரமாக வந்த பிறகு, அப்பா தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் வந்த கட்டணம். பத்திரம் பதியும் நாளில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரத்தில் "சேலம் மாவட்டம், அரூர் தாலுகா" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். அதே போலக் கிருஷ்ணகிரிக்காரர்களின் பத்திரத்தில் 2004 பிப்ரவரி 9-க்கு முன்னால் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். தாலுகாவும் கிராமமும் பிரிந்து பெயர் மாறியிருக்கும். சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவில், பத்திரத்தில், வில்லங்கச் சான்றில் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கம் மூன்றையும் ஷார்ஜாவிலிருந்தே ஃபோனில் பார்க்கலாம். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

யாருக்காவது பவர் கொடுத்திருக்கிறீர்களா? தம்பிக்கோ மாமாவுக்கோ கொடுத்த பவர், நீங்கள் திரும்பி வந்ததால் தானாக ரத்தாகாது. பதிவு செய்த பவரை அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அவரிடம் முதலில் பக்குவமாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இத்தனை வருடம் அலைந்தவர் அவர்தான். இப்போது அங்கிருந்து புதிதாகப் பவர் அனுப்ப வேண்டியிருந்தால் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

பிள்ளைகள்

தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயப் பாடம் என்பது 2006 சட்டத்திலிருந்து படிப்படியாக வந்தது. அங்கே ஹிந்தியோ மலையாளமோ இரண்டாம் மொழியாகப் படித்த பிள்ளை ஏழாம் வகுப்பில் திடீரென்று தமிழ்ப் பாடத்தில் உட்கார்ந்தால் அழும். என் மகள் அழுதாள். வீட்டில் சரளமாகப் பேசுவாள். "ழ" எழுதத் தெரியாது. திரும்புவதற்கு ஒரு வருடம் முன்பே தினம் அரை மணி நேரம் எழுதப் பழக்குங்கள். பாட்டியோடு ஃபோனில் பேசி, பாட்டி சொல்வதை எழுதச் சொல்வது நல்ல வழி.

இன்னொன்று, தண்ணீர். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் முளைக்கிற வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் தெருவாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். போர் தண்ணீர் என்றால் பரிசோதித்துப் பார்க்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசி மாதம்: வரிசை

இங்கேதான் கவனம் முழுதும் வேண்டும்.

முதலில் வண்டி. விற்று, பெயர் மாற்றி, அபராதம் எல்லாம் கட்டுங்கள். சௌதியில் வண்டி உங்கள் பெயரில் இருந்தால் நிரந்தரமாக வெளியேறும் ஃபைனல் எக்சிட்டே அடிக்க விடாது. அடுத்து வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட், இணையம். கடைசி பில் கட்டி, டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். அது அங்குள்ள கணக்குக்குத்தான் வரும் என்பதால் கணக்கை இப்போது மூடக் கூடாது.

பிறகு குடும்பத்தின் விசா. மனைவி, பிள்ளைகள் உங்கள் ஸ்பான்சரில் இருந்தால் அவர்களுடையதை முதலில் ரத்து செய்த பிறகுதான் உங்களுடையது.

அப்புறம் கேன்சல் தாள். "என் பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் எழுதியிருக்கும். காசோலையோ, கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியோ கண்ணில் பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து, பிறகு பணம் என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று கம்பெனி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். அன்று இரவே விமானம் பிடிக்காதீர்கள். கேன்சல் தாளில் எத்தனை நாள் தங்கலாம் என்று அச்சாகியிருக்கும். அதற்குள் பணத்தை வாங்கி, அனுப்பிவிட்டுக் கிளம்பலாம். அந்த நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

பணத்தை அனுப்பி, அது என்ஆர்இ கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு, அங்குள்ள கணக்கை மூடக் கொடுத்து, மூடிய கடிதம் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் கடைசி, சிம். போஸ்ட்பெய்டு எண்ணை முன்கூட்டியே ப்ரீபெய்டாக மாற்றி, ரோமிங்கைத் திறந்து, ஊருக்கே கொண்டு வாருங்கள். வரும் முன்பே ஊர்க் கணக்கு, ஆதார், பான் எல்லாம் இயங்கும் இந்திய எண்ணில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெங்களூரு விமான நிலையம் நமக்கு எதிர்ப்பக்கத்தில், தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் வர நகரத்தைக் கடந்தாக வேண்டும். விடியற்காலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். குழந்தைகளோடும் எட்டுப் பெட்டியோடும் சில்க் போர்டு நெரிசலில் நிற்பது பெரிய கொடுமை.

ஊரில் முதல் மாதம்

முதல் வாரம் வங்கிக்குப் போங்கள். நிரந்தரமாக வந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து என்ஆர்இ கணக்கையும், இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கையும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். என்ஆர்இ டெபாசிட்டுக்கு வரி இல்லாத வட்டி என்பது நீங்கள் வெளியில் இருந்த வரைதான். வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் முதிர்வு வரை ஓடலாம். பணத்தை வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்க விரும்பினால் ஆர்எஃப்சி கணக்கு கேளுங்கள். பக்கத்துக் கிளையில் தெரியாது என்றால் மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய கிளைக்குப் போங்கள். மியூச்சுவல் ஃபண்ட், பான் விவரங்களிலும் நிலையை மாற்றிவிடுங்கள்.

ரேஷன் அட்டையில் பெயர் நீங்கியிருந்தால் சேர்ப்பதும், வாக்காளர் பட்டியலில் படிவம் 6-உம் இ-சேவை மையத்தில் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டிவரும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

செட்டில்மென்ட் எவ்வளவு வந்தது என்று கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம், தொகையும் சொல்ல வேண்டாம். "டெபாசிட்ல போட்டாச்சு" என்று சொன்னால் போதும். அது உண்மையாகவும் இருக்கட்டும். ஒரு வருட வீட்டுச் செலவைத் தனியாக வைத்த பிறகுதான் கடை, கறவை மாடு, கார் எதையும் யோசிக்க வேண்டும். தொழில் தொடங்குவதென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் போய் எந்த மானியக் கடன் இப்போது நடக்கிறது என்று கேளுங்கள். அதற்கு முன் ஆறு மாதம் அதே தொழில் செய்கிற ஒருவரிடம் கூட நின்று பாருங்கள்.

பழைய ஒப்பந்தம், செட்டில்மென்ட் சீட்டு, கேன்சல் தாள், வங்கி மூடிய கடிதம், "பாக்கி இல்லை" கடிதம், எக்ஸ்சேஞ்ச் ரசீதுகள், பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, நிலப் பத்திரங்களோடு வையுங்கள். அவற்றைப் படமெடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.